சூழலியலும் சுற்றுச்சூழல் மேலாண்மையும் படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடித்தவர்கள், பி.எஸ்சி. கடைசி ஆண்டில் இருப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து படிக்கக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

ஈகாலஜி, என்விரான்மென்டல் சயின்ஸ், என்விரான்மென்டல் மேனேஜ்மென்ட் எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும், ஆனால் மூன்றும் வேறு வேறு. சூழலியல் உயிர்களைப் பற்றியது. எது எங்கே வாழ்கிறது, எத்தனை இருக்கிறது, எதைத் தின்கிறது, ஓர் இடத்தில் பெருகுவது இன்னோர் இடத்தில் ஏன் அருகிப்போகிறது என்று கேட்கும் படிப்பு. சுற்றுச்சூழல் அறிவியலில் நீர், காற்று, மண், கழிவு ஆகியவற்றின் வேதியியலுக்குப் பெரும்பங்கு உண்டு. மேலாண்மை என்று வந்துவிட்டால் சட்டம், அனுமதி, திட்டமிடல், மக்களோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிலபஸை இறக்கி மூன்று விஷயங்களைப் பாருங்கள்: களப்பணிக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள், புள்ளியியல் தனிப் பேப்பராக இருக்கிறதா, கடைசி செமஸ்டரில் முழுநேர ஆய்வு உண்டா. இந்த மூன்றும் இருந்தால் பெயர் எதுவாக இருந்தாலும் நல்ல படிப்புதான். மூன்றும் இல்லாவிட்டால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காலேஜ்ல ஈ.வி.எஸ். பேப்பர் ஒண்ணு எல்லாருக்கும் இருந்துச்சே, அதே மாதிரிதானா?

இல்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் தொடர்ச்சியாக எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பொது அறிமுகம் அது. வணிகவியல் மாணவருக்கும் கணினி மாணவருக்கும் ஒரே புத்தகம். அதைப் படித்து அலுத்துப்போய் "எனக்கு இந்தத் துறை ஒத்துவராது" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்தப் பேப்பரை வைத்து இந்தத் துறையை எடைபோடுவது நியாயம் இல்லை.

ப்ளஸ் டூவுல பயாலஜி இல்ல. சேர முடியுமா?

இளங்கலையில் விலங்கியல், தாவரவியல், காட்டுயிர் உயிரியல் போன்றவற்றுக்கு உயிரியல் கேட்பார்கள். அதனால் தொடக்கத்திலேயே ஈகாலஜி என்று தீர்மானித்திருந்தால் பயாலஜி குரூப்தான் வசதி. முதுகலையில் கதவு அகலம். பல இடங்களில் எந்த அறிவியல் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இயற்பியல், கணிதம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இனங்களின் பெயர்கள் முதலில் மலைப்பாக இருக்கும். ஆனால் தரவை அலசும் கட்டத்துக்கு வரும்போது அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள்.

தமிழ்நாட்டுல எங்கெங்க இருக்கு?

காட்டுயிர் பக்கம் என்றால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் முதலில் நினைவுக்கு வரும். இரண்டிலும் காட்டுயிர் உயிரியலில் முதுகலை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை சலீம் அலி பெயரிலான புலத்தின் கீழ் இயங்குகிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் முதுகலைச் சேர்க்கை க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியே. கடல் உயிரியல் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம். பிச்சாவரம் அலையாத்திக் காடு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாசு, கழிவு, மேலாண்மை என்று போக விரும்பினால் பாரதியார், பாரதிதாசன், அண்ணா பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் இளங்கலை இருக்கிறது.

கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம் 1990-இல் தொடங்கியது. 2023-இல் அதை டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள். பழைய இணையப் பக்கங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வெளி மாநிலம் போகலாமா? எது நல்லது?

போக முடிந்தால் போகலாம். டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் காட்டுயிர் அறிவியல் முதுகலையும், பெங்களூரு தேசிய உயிர் அறிவியல் மையத்தின் காட்டுயிர் உயிரியல், பாதுகாப்பு முதுகலையும் களப்பயிற்சிக்குப் பேர்போனவை. இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வோடு நேர்காணலும் உண்டு. சில படிப்புகளுக்கு ஆண்டுதோறும் சேர்க்கை இருக்காது. அதனால் இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே அறிவிப்புகளைக் கவனிக்கத் தொடங்குங்கள். மேலாண்மைப் பக்கம் சாய்வு இருந்தால் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனம் இருக்கிறது.

கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். மன்னம்பந்தலிலும் உதகையிலும் படித்துவிட்டு இந்தியா முழுக்கக் களப்பணி செய்பவர்கள் நிறையப் பேர்.

ஃபீல்டு வொர்க்னா என்ன, காட்டுல சுத்திப் பார்க்கிறதா?

சுற்றிப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். பறவைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வரைந்த ஒரு நேர்க்கோட்டில், விடிந்தவுடன், ஒரே சீரான வேகத்தில் நடக்க வேண்டும். ஒரு பறவையைப் பார்த்தால் அதன் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் போதாது. கோட்டிலிருந்து அது செங்குத்தாக எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். தூரம் கூடக்கூட நம் கண்ணுக்குத் தப்பும் பறவைகளும் கூடும். எந்தத் தூரத்தில் எத்தனை பார்த்தோம் என்பதை வைத்துத்தான் தப்பியவை எத்தனை என்று மதிப்பிட முடியும். சுவாரசியமான பறவை தெரிகிறதே என்று கோட்டை விட்டு விலகிப் போனால் அன்றைய தரவு கெட்டுவிடும். மரம் என்றால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு. பக்கத்து மரத்துக்கும் அதே உயரம், அதற்கடுத்த மரத்துக்கும் அதே உயரம். இதை நூறு மரத்துக்குச் சலிக்காமல் செய்கிறவர்தான் களப்பணியாளர்.

தண்ணீரும் அப்படித்தான். கரைந்த ஆக்சிஜனை அளக்க, குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையாமல் தண்ணீரைப் பிடித்து, ஏரிக்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்க்க வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே படிந்தால் அந்தத் தண்ணீரில் மீன் மூச்சுவிட வழியில்லை. ஊர்ச் சாக்கடை கலக்கும் ஏரியின் மூலையில் எடுத்த குப்பி வெள்ளையாகப் படிவதை ஒருமுறை பார்த்துவிட்டால், மாசு என்ற சொல்லுக்கு மனதில் வேறு கனம் வந்துவிடும்.

எனக்குக் கணக்கு வராது. அதனாலதான் பயாலஜி பக்கமே வந்தேன். இங்கயும் கணக்கா?

ஆமாம், இங்கேயும். மேலே சொன்ன "தப்பியவை எத்தனை" என்ற கேள்விக்கு விடை புள்ளியியலில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியில் பயமுறுத்திய கணக்கு வேறு, இது வேறு. சராசரி, மாறுபாடு, மாதிரி எடுத்தல், தொடர்புப்போக்கு (ரிக்ரெஷன்) ஆகியவற்றின் பொருள் விளங்கினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிக்கு ஆர் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். வரைபட வேலைக்கு க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம். நீங்களே நடந்து சேகரித்த தரவை அலசும்போது கணக்கின் மேல் தானாகவே ஓர் அக்கறை வரும். இந்தத் துறையில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடுவதும் இந்த இரண்டு மென்பொருள் பழக்கத்தைத்தான்.

தமிழ் மீடியத்துல படிச்சேன், சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். வாரம் ஓர் ஆய்வுக்கட்டுரை வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தமிழில் எழுத வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். அப்புறம், மீனவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் பேசித் தகவல் திரட்டும் வேலையில் ஊர்ப்பேச்சு தெரிந்தவருக்கு இருக்கும் சாதகத்தைச் சொல்லி மாளாது. எந்தக் கண்மாயில் எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஈகாலஜிக்கு முன்னால "அப்ளைடு"னு சேர்த்தா என்ன மாறிடுது?

பிச்சாவரத்தை வைத்துச் சொல்கிறேன். அங்கே அலையாத்திக் காடு பல இடங்களில் அழிந்து வெறும் திட்டாகிக் கிடந்தது. மக்கள் விறகு வெட்டியதாலும் மாடு மேய்ந்ததாலும்தான் அழிந்தது என்பது பொதுவான எண்ணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் கூர்ந்து பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. பிரிட்டிஷார் காலம் தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் சேற்று மண் வெயிலில் காய்ந்து அமுங்கி, தட்டுப்போலக் குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்த நாற்றும் பிழைக்காது.

ஆக, நாற்று நடுவதற்கு முன்னால் தண்ணீர் வந்துபோக வழி செய்ய வேண்டும். மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்கும்படி செய்தார்கள். உப்பு குறைந்தது. அதன்பின் நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிழைத்தது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து வாய்க்கால்களைப் பராமரித்தார்கள். காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது சூழலியல். அதை வாய்க்காலாக மாற்றுவதும், பராமரிக்க ஆட்களைச் சேர்ப்பதும் பயன்பாட்டுச் சூழலியல். காரணம் தெரியாமல் லட்சம் நாற்று நடும் விழாக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

சீமைக் கருவேலத்தை அழிச்சா போதும்னு எல்லாரும் சொல்றாங்க. ஈகாலஜி படிச்சவங்க மட்டும் ஏன் இழுக்கிறாங்க?

அது கெடுதல் செய்யும் அயல்மரம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி, எங்கே, அடுத்து என்ன என்பதில்தான் யோசனை. மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிடக்கும் விதை முளைக்கும். நெற்றுகளை ஆடுமாடு தின்று சாணத்தோடு ஊரெங்கும் விதைக்கும். ஒருமுறை ஜேசிபி விட்டுவிட்டுப் போனால் மூன்று மழையில் பழையபடி ஆகிவிடும்.

இராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை பக்கம் இந்த மரத்தை வைத்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாட்டுக் கருவேலம் போய்விட்ட கண்மாய்களில் கொக்கும் நாரையும் இதன்மேல்தான் கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் காலத்தில் அடியோடு வெட்டினால் குஞ்சுகள் கதி என்ன? எனவே பறவைகள் போன பிறகு, பகுதி பகுதியாக, மாற்று மரம் வளர வளர எடுக்க வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து கன்றுகளைப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். இந்தத் தயக்கம் இல்லாமல் தீர்ப்புச் சொல்கிறவரை நம்பி ஒரு கண்மாயை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

பொண்ணைத் தனியா காட்டுக்கு அனுப்ப பயமா இருக்குங்க.

இதைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்பார்கள், நியாயமான பயம். களத்தில் தனியாக யாரும் போவதில்லை, போகவும் கூடாது. ஆணுக்கும் இதே விதிதான். வனப்பகுதியில் பெரும்பாலும் உள்ளூர்க் களஉதவியாளர் ஒருவர் கூடவே வருவார். யானை நிற்பதை வாடையிலேயே கண்டுபிடிக்கிற ஆட்கள் அவர்கள்.

சேரும் முன் துறையில் இதைக் கேளுங்கள்: கள முகாமில் தங்குமிடம், கழிப்பறை எப்படி, பெண் ஆசிரியர் வருவாரா, புகார்க் குழு இருக்கிறதா, அவசரத்துக்கு வண்டி உண்டா. தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். இன்று இந்தியாவின் முக்கியமான கள ஆய்வாளர்களில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் மகளை அவர்களில் ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள், நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.

படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கணினித் துறை மாதிரி வளாகத்துக்கு வந்து அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் திட்டப் பணிதான்: ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முதுகலை அறிவியல் படித்தவர்களுக்குச் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணியிடங்கள் உண்டு. ஆய்வு நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவை பழைய வழிகள். தமிழக அரசு அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) புதிய வழி. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால் அந்தப் பக்கமும் ஆள் தேடுகிறார்கள்.

வீட்டில் உடனடி வருமானம் தேவைப்படுகிறவர்கள் நீர், காற்றுப் பரிசோதனை செய்யும் ஆய்வகத் திறமையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு எல்லாத் தொழில் நகரங்களிலும் ஆள் வேண்டும்.

ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகணும். என்விரான்மென்டல் சயின்ஸ் எடுக்கலாமா?

கவனம், பலர் தடுக்கி விழும் இடம் இது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணி (ஐ.எஃப்.எஸ்.) தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவையும், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டங்களும் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அதில் இல்லை. ஐ.எஃப்.எஸ். தான் இலக்கு என்றால் இளங்கலையை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, முதுகலையில் சூழலியலுக்கு வாருங்கள். மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தேர்வுகளின் பட்டியல் இதைவிட அகலம். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

நெட், கேட், எதை எழுதணும்?

பட்டம் எதில் என்பதைப் பொறுத்தது. யு.ஜி.சி. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப்பாடம். காட்டுயிர், உயிரியல் பக்கம் இருப்பவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் எழுதலாம், அதில் சூழலியலுக்குத் தனி அலகு உண்டு. கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் ஒரு தாள். சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் 2021-இல் தனித்தாளாக வந்தது.

ப்ராஜெக்டுக்கு சரணாலயத்துக்குள்ள போகணும். கைடு லெட்டர் கொடுத்தா போதுமா?

போதாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடிப்பது, மாதிரி எடுப்பது என்றால் நடைமுறை இன்னும் நீளும். மாதக்கணக்கில் ஆகலாம். ஆறு மாத ஆய்வுக்காலத்தில் அனுமதிக்கே நான்கு மாதம் போனால் என்ன மிஞ்சும்? முதுகலை ஆய்வுக்கு ஊர் ஏரி, கோயில்காடு, கல்லூரி வளாகம், வயல் போன்றவற்றை நான் சிபாரிசு செய்வேன். அங்கே செய்யப்படாத ஆய்வுகள் கொட்டிக் கிடக்கின்றன, அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போய் எண்ண முடியும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றில் இளங்கலையிலேயே சேர்ந்துகொண்டால் கண்ணும் காதும் பழகிவிடும்.

ஈ.ஐ.ஏ. கன்சல்டன்சியில சம்பளம் நல்லா இருக்காம். ஆனா அது பொய் ரிப்போர்ட் எழுதுற வேலைனு சொல்றாங்களே?

ஈ.ஐ.ஏ. என்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து எழுதுவது. இது 1994-இல் கட்டாயமானது. இப்போது நடப்பில் உள்ள அறிவிக்கை 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியது. இதன் அடிப்படைச் சிக்கல், மதிப்பீடு செய்பவருக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே என்பது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே நகலெடுக்கப்பட்டிருந்தது அம்பலமாகியிருக்கிறது. எல்லாரும் அப்படி இல்லை. நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பொய் எழுதாமலே தவறான படம் வரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத் தரவு போதும் என்பது நடைமுறை. தென்மாவட்டக் கண்மாய் ஒன்றை மே மாதம் போய்ப் பாருங்கள்: வெடித்த மண், நாலு ஆடு, ஒரு கரிச்சான். "குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை" என்று எழுதினால் அது கண்ணால் கண்ட உண்மைதான். அதே கண்மாய் டிசம்பரில் தண்ணீரும் வாத்துகளுமாக நிரம்பியிருக்கும். தவளைகள் அதற்கு முன்பே முட்டையிட்டு முடித்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் எந்த மாதம் பார்த்தோம் என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள், இன்னொரு பருவம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கள ஏட்டையும் ஜிபிஎஸ் புள்ளிகளையும் பத்திரமாக வைத்திருங்கள். வாசிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்க ஊர்ல குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வருது. ஸ்டூடண்ட் நான் போய்ப் பேசலாமா?

உங்கள் ஊர் என்றால் தாராளமாகப் பேசலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து நடத்தும் கூட்டம் அது. மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார். ஊர்க்காரர் அல்லாதவர்களும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், முழு அறிக்கையையும் ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்க வேண்டும். முதல் வேலையாக அதை வாங்கிப் படியுங்கள்.

கூட்டத்தில் உணர்ச்சியாகப் பேச ஊரில் ஆள் இருப்பார்கள். நீங்கள் பக்க எண்ணோடு பேசுங்கள். "இந்தப் பக்கத்தில் ஓடை இல்லை என்று இருக்கிறது, கிராம வரைபடத்தில் இந்த சர்வே எண்ணில் ஓடை இருக்கிறது." "பறவைப் பட்டியல் எந்த மாதம் எடுத்தது என்றே இல்லை." இப்படி நான்கு குறிப்புகள் போதும். அவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். கூட்ட முடிவில் பதிவான கருத்துகளின் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் குறிப்பு அதில் வருகிறதா என்று கடைசிவரை இருந்து கேளுங்கள். விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.